கோட்டி மாளிகையின் பேகம்: கயிருன்னிசா அம்மையார் வரலாறு

சார்மினாரையும் கோல்கொண்டாவையும் காணாத ஐதராபாத்துத் தமிழர் இலர். ஊரிலிருந்து உற்றார் உறவினர் வரும்போதெல்லாம் அவ்விரண்டையும் காட்டி மகிழ்வது நம் மாதாப்பூர்க் குடும்பங்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால், சார்மினாருக்கு வடக்கே, மூசியாற்றின் மறுகரையில், கோட்டிக் கடைத்தெருவின் இரைச்சலுக்கு அப்பால், வானளாவிய தூண்கள் தாங்க நிற்கும் ஒரு பெருமாளிகையை நம்மில் எத்துணைப் பேர் கண்டிருக்கிறோம்? ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் ரெசிடென்சியாக விளங்கிய மாளிகை அது.

அம்மாளிகையின் வரலாற்றுக்குள் ஒரு பெண்ணின் வரலாறு பொதிந்து கிடக்கிறது. கோஷாவை விட்டு வெளிவாராத குலத்தில் பிறந்தவர் அவர். எனினும் 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் அவர் பெயர் ஐதராபாத்து அரண்மனையிலும், கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் மேசையிலும், சென்னை அரசு மாளிகையிலும் பேசப்பட்டது. அரசுகளின் உறவே அவர் பொருட்டு ஆட்டங்கண்டது. அவரைப்பற்றி எழுதினோர் பலர். பேசினோர் அதனினும் பலர். அவரிடம் ஒரு சொல் கேட்டவர் மட்டும் எவருமிலர். அந்தக் கயிருன்னிசா பேகத்தின் வரலாற்றை நம் சங்கத்தார் அறிதல் நன்றெனக் கருதி, இங்குச் சுருக்கி உரைக்கின்றோம்.

காலமும் களமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாடு நான்கு வல்லரசுகளின் ஆடுகளமாய் இருந்தது. மைசூர்ச் சீமையில் திப்பு சுல்தான், பூனாவில் மராட்டியர், ஐதராபாத்தில் இரண்டாம் நிஜாமாகிய நிஜாம் அலி கான், சென்னைப்பட்டணத்தில் நம் முன்னோர் கும்பினி என்று வழங்கிய ஆங்கில வாணிகக் குழுவினர். நிஜாமின் படையிலோ பிரெஞ்சுத் தளபதி ரேமோன் என்பவரிடம் பயின்ற வீரர் பல்லாயிரவர் இருந்தனர். 1798-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரலாய்க் கல்கத்தாவுக்கு வந்த வெல்லெஸ்லி பிரபு, இப்படையைக் கலைத்தாலன்றித் திப்புவை வெல்லல் அரிது எனக் கண்டார்.

அவ்வேலை ஜேம்ஸ் அக்கிலீஸ் கிர்க்பாட்ரிக் என்பவரிடம் வந்து சேர்ந்தது. இவர் 1764-ஆம் ஆண்டில் நம் சென்னையிலேயே பிறந்தவர். சென்னைப் படையில் பணியாற்றியவர். தமையனார் வில்லியம் வகித்த ஐதராபாத்து ரெசிடெண்ட் பதவியை அவருக்குப்பின் ஏற்றவர். ரெசிடெண்ட் என்பார் நிஜாமின் அவையில் கும்பினியின் தூதர். 1798 செப்டம்பர் 1-ஆம் நாள் நிஜாமோடு உடன்படிக்கை முடிந்தது. அக்டோபர் 22-ஆம் நாள் பிரெஞ்சுப் படை குருதி சிந்தாமல் ஆயுதங்களைக் கீழே வைத்தது. மறு ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. நிஜாம் அலி கான் மகிழ்ந்து, கிர்க்பாட்ரிக்குக்கு ஹஷ்மத் ஜங் என்னும் பட்டமளித்துத் தம் மகன்போல் நடத்தினார். கிர்க்பாட்ரிக்கும் பாரசீகமும் இந்துஸ்தானியும் பேசி, இந்நகரத்து உடையை உடுத்து, இந்நகரத்தவராகவே வாழலானார்.

குலமும் மணமும்

கயிருன்னிசாவின் குலம் ஈரான் நாட்டுச் சுஸ்தர் நகரிலிருந்து வந்த சையத் குலம். நபிகள் நாயகத்தின் வழியினர் எனப் போற்றப்பட்டது. தந்தையார் மெஹ்தி யார் கான் முன்னரே மறைந்தார். தாயார் ஷரபுன்னிசா பேகம். குடும்பத்தைத் தாங்கியவர் தாய்வழிப் பாட்டனாராகிய பாகர் அலி கான். அவர் ஐதராபாத்திலிருந்த கும்பினிப் படைக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பக்ஷி. ஆங்கிலேயரோடு நட்புப் பூண்டவர். கும்பினியோடு நிஜாமின் காரியங்களை நடத்திவந்த மீர் ஆலம், பாகர் அலியாரின் நெருங்கிய உறவினர். இவ்வுறவு முறையை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் எழுந்த புயலுக்கு இதுவே காரணமாயிற்று.

பாட்டனார் தம் பேர்த்தியை ஒரு பிரபுவின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார். பெண்ணுக்கோ அதில் விருப்பமில்லை. தமக்கையின் திருமண நாட்களில், திரைக்குப் பின்னிருந்து அவர் கிர்க்பாட்ரிக்கைக் கண்டார் என்பர். அதன்பின் தாயாரும் பாட்டியாரும் துணைநிற்க, அவரே கிர்க்பாட்ரிக்கின் இல்லம் தேடிச் சென்றார். தாம் நெடுநாள் மறுத்தும் அப்பெண்ணின் உறுதி தளரவில்லை. இவ்வாறு கிர்க்பாட்ரிக் தம் தமையனாருக்கு எழுதினார்.

ஈண்டு இரண்டு செய்திகளை நாம் மறைத்தலாகாது. முதலாவது, அப்போது கயிருன்னிசாவுக்கு வயது ஏறத்தாழப் பதினான்கு. கிர்க்பாட்ரிக்குக்கோ முப்பத்தைந்தை ஒட்டியது. அக்காலத்தில் அவ்வயது மணத்துக்குரிய வயதெனக் கொள்ளப்பட்டது. இக்காலச் சட்டமும் மனச்சான்றும் அதனை ஏலா. இரண்டாவது, காதல் அவரிடமிருந்தே தோன்றிற்று என்பதற்குத் தலையாய சான்று, குற்றஞ்சாட்டப்பட்ட ஆடவர் தம்மைக் காத்துக்கொள்ளும் நிலையில் எழுதிய கடிதமே. அது பொய்யென்று நாம் கூறவில்லை. பின்னர் வந்த ஆண்டுகள் அவ்வன்பை மெய்யென்றே காட்டின. எனினும், அவர் நெஞ்சை நாம் அறிவதும் பிறர் எழுதுகோலின் வழியேதான்.

கிர்க்பாட்ரிக் இஸ்லாத்தைத் தழுவினார். மறைவில் நிக்காஹ் நிகழ்ந்தது. நிஜாமும் அவருடைய முதன் மந்திரியாகிய அரிஸ்து ஜாவும் இம்மணத்துக்கு ஆதரவாய் நின்றனர். 1801 மார்ச்சு 4-ஆம் நாள் ஆண்மகவு பிறந்தது. குழந்தைக்குச் சாகிப் ஆலம் என்று பெயரிட்டனர். 1802 ஏப்ரல் 9-ஆம் நாள் பெண்மகவு பிறந்தது. அவர் சாகிப் பேகம்.

அலர் எழுந்தது

நம் அகப்பொருள் நூலோர் ஊரார் பழிச்சொல்லை அலர் என்றனர். வள்ளுவப் பெருந்தகையும் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரம் வகுத்தார். அகத்துறையில் அலர் காதலர்க்குப் பகைபோல் வந்து நட்பாய் முடியும், களவைக் கற்பாக்கும். ஆனால், அலர் அரசியலில் புகுந்தால் நஞ்சாகும். கயிருன்னிசாவின் வாழ்வில் நிகழ்ந்தது அதுவே.

ரெசிடெண்ட் ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்ணைக் கெடுத்தார் என்ற செய்தி முதலில் ஊரில் பரவிற்று. பின்னர்க் கல்கத்தாவை எட்டிற்று. வெல்லெஸ்லி விளக்கம் கேட்டார். முதற்புயல் ஒருவாறு அடங்கியது. ஆனால், மறைவில் நடந்த மணமும் குழந்தையின் பிறப்பும் நெடுநாள் மறைவாய் இருத்தல் கூடுமோ? இரண்டாம் புயல் முன்னதினும் கடுமையாய் எழுந்தது.

இதில் அரசியல் யாது என வினவுவார்க்கு ஓரளவு விளக்கம் வேண்டும். மீர் ஆலமும் அரிஸ்து ஜாவும் அவையில் எதிரிகள். 1800-ஆம் ஆண்டில் மீர் ஆலம் பதவி இழந்து நகரினின்றும் நீக்கப்பட்டார். தம் குலப்பெண்ணை ரெசிடெண்ட் மணந்ததும், அம்மணத்துக்குத் தம் எதிரி துணைநின்றதும் அவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயின. அதே ஆண்டு அக்டோபரில் நிஜாம், திப்புவிடமிருந்து பெற்ற பெல்லாரி, கடப்பை முதலிய சீமைகளைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். இத்துணைப் பெரிய உடன்படிக்கைகளைப் பேசி முடிக்கும் தூதர், எதிர்ப்பக்கத்துப் பெண்ணையே மனைவியாய்க் கொண்டிருந்தால் அவர் யாருக்கு உண்மையாய் இருப்பார்? முதன் மந்திரி பெண்ணைக் கொடுத்துத் தூதரை விலைக்கு வாங்கினாரா? அன்றி, தூதர் தம் அதிகாரத்தால் அக்குடும்பத்தை அச்சுறுத்திப் பெண்ணைப் பெற்றாரா? கும்பினியார் எழுப்பிய வினாக்கள் இவை. ஒன்றில் அப்பெண் தூண்டில் இரை. மற்றொன்றில் வேட்டையில் அகப்பட்ட மான். தானே விரும்பி முடிவு செய்த மனிதப் பிறவியாக அவரைக் கண்ட வினா ஒன்றேனும் எழவில்லை.

சென்னையில் விசாரணை

1801-ஆம் ஆண்டின் இறுதியில் மறை விசாரணை ஒன்று நடைபெற்றது. நடந்த இடம் ஐதராபாத்து அன்று. சென்னை அரசு மாளிகை. நடத்தியவர், பெயர்பெற்ற ராபர்ட் கிளைவின் மகனும் அப்போது சென்னைக் கவர்னருமாகிய எட்வர்டு கிளைவ் பிரபு. ஐதராபாத்தில் பணியாற்றிய பவுசர், ஆர் என்னும் இரு படைத் தலைவர்கள் வரவழைக்கப்பட்டுப் பிரமாணத்தின்மேல் விசாரிக்கப்பட்டனர். பெண்ணின் வயது, குலம், ஒழுக்கம், அவருக்குப் பிறந்த குழந்தை ஆகிய அனைத்தும் அங்கே கேள்விகளாயின. அவரோ அவர் தாயாரோ சான்றளிக்க அழைக்கப்படவில்லை. சென்னை மாளிகையில் ஆடவர் கூடி ஒரு பெண்ணின் மானத்தை அளந்துகொண்டிருந்த வேளையில், அப்பெண் பல நூறு கல் தொலைவில் கைக்குழந்தையோடு இருந்தார்.

விசாரணைக்கு ஆணையிட்ட வெல்லெஸ்லி பிரபுவும், தம் மனைவியாரை மணக்குமுன்பே அவர்பால் மக்களைப் பெற்றவர். தமக்கு ஒரு நீதியும் பிறர்க்கு ஒரு நீதியும் வைப்பது அதிகாரத்தின் இயல்பு போலும்!

முடிவில், கிர்க்பாட்ரிக்கின் பதவி தப்பியது. அவரைப்போல் நிஜாமின் நம்பிக்கையைப் பெற்றவர் வேறொருவர் அகப்படுதல் எளிதன்று. ஆடவரின் தொழில் காப்பாற்றப்பட்டதோடு வழக்கு முடிந்ததாகக் கருதப்பட்டது. கயிருன்னிசாவின் பெயர் மட்டும் தஸ்தாவேஜுகளில் பழியுடன் தங்கிவிட்டது.

ரங் மகால்

அடுத்து வந்த சில ஆண்டுகளே அவர் வாழ்வின் இன்பக் காலம். கிர்க்பாட்ரிக் மூசியாற்றங்கரையில் புதிய ரெசிடென்சியைக் கட்டத் தொடங்கினார். செலவை ஏற்றவர் நிஜாம். இதுபற்றி ஒரு கதை வழங்குகிறது. மாளிகைக்கு வேண்டிய நிலத்தைப் பெரிய தாளில் வரைந்து காட்டியபோது நிஜாம் மறுத்துவிட்டாராம். தம் அரசு முழுவதையும் வரைந்த படத்தின் அளவுக்கு அது இருந்ததே காரணம் என்றறிந்த கிர்க்பாட்ரிக், அதே நிலத்தைச் சிறியதோர் அட்டையில் வரைந்து காட்ட, நிஜாம் உடனே இசைந்தாராம்.

மாளிகையின் முகப்பு ஐரோப்பிய முறையில் அமைந்தது. பின்புறத்தில், கயிருன்னிசாவுக்கென்று ரங் மகால் என்னும் அந்தப்புரம் இந்நாட்டு முறையில் எழுந்தது. தோட்டத்தில் பெருமாளிகையைப் போலவே சிறு வடிவில் ஒரு குறுமாளிகையும் கட்டப்பட்டது. கோஷாவில் வாழ்ந்த பேகம் மாளிகையின் முகப்பைக் காண இயலாது. அவர் கண்டு மகிழும்பொருட்டே கிர்க்பாட்ரிக் அதனைச் செய்வித்தார் என்பது வழிவழியாய் வரும் செய்தி. தம் கணவரின் வீடு எப்படி இருக்கும் என்பதைப் பொம்மையைக் கொண்டே அறிந்த மனைவி! அன்பும் சிறையும் ஒருங்கே அமைந்த காட்சி அது.

பிரிவுகள்

1803-இல் நிஜாம் அலி கான் மறைந்தார். 1804-இல் அரிஸ்து ஜாவும் மறைந்தார். அவருக்குப்பின் முதன் மந்திரியாய் வந்தவர் யார்? பழம்பகை மறவாத மீர் ஆலம்! பேகத்துக்கு அரணாய் நின்றவர் இருவரும் போயினர். அவரை வெறுத்தவர் அரியணைக்கு அருகில் அமர்ந்தார்.

1805-ஆம் ஆண்டில் குழந்தைகளைக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்புவதென முடிவாயிற்று. மகனுக்கு வயது நான்கு, மகளுக்கு மூன்று. சென்னையில் ஜார்ஜ் சின்னரி என்னும் ஓவியர் அவ்விருவரையும் ஐதராபாத்து உடையிலேயே தீட்டினார். பட்டும் சரிகையும் பூண்டு, அறியாத உலகை நோக்கி நிற்கும் அப்பிள்ளைகளின் ஓவியம் இன்றும் உளது. அவ்வாண்டு செப்டம்பரில் கப்பல் புறப்பட்டது. தாய் தம் மக்களை மீண்டும் காணவே இல்லை.

உடல்நலம் குன்றியிருந்த கிர்க்பாட்ரிக், சென்னை வந்து அங்கிருந்து கல்கத்தா சென்றார். 1805 அக்டோபர் 15-ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். வயது நாற்பத்தொன்று. கணவரின் மரணச் செய்தி ஐதராபாத்தை எட்டியபோது கயிருன்னிசாவுக்கு வயது ஏறத்தாழப் பத்தொன்பது. ஒரே ஆண்டில் மக்களையும் இழந்தார்; மணாளரையும் இழந்தார். இஸ்லாமிய முறைப்படி நடந்த அவர் மணத்தை ஆங்கிலச் சட்டம் மணமென ஏற்கவில்லை. உயிலில் கிர்க்பாட்ரிக் அவரை மதிப்போடு குறிப்பிட்டார்; மனைவி என்னும் நிலையை அவ்வுயிலும் அவருக்குத் தரவில்லை.

மசூலிப்பட்டினத்துத் தனிமை

அடுத்த ஆண்டு, தாயாரோடு நெடும்பயணம் மேற்கொண்டு கல்கத்தா சென்றார் கயிருன்னிசா. கணவரின் கல்லறையைக் காண்பது அவர் நோக்கம். அங்கே கிர்க்பாட்ரிக்கின் கீழ்ப் பணியாற்றியவரும், அவர் உயிலை நிறைவேற்றும் பொறுப்பினருள் ஒருவருமாகிய ஹென்றி ரசல் இருந்தார். துயருற்ற இளம் விதவைக்கு அவர் ஆறுதலாய் இருந்தார். அவ்வாறுதல் நாளடைவில் நெருங்கிய உறவாயிற்று. உலகம் மீண்டும் வாய் திறந்தது. பேகம் ஐதராபாத்து திரும்புவதை மீர் ஆலம் தடுத்தார். பிறந்த ஊர் அடைபட்டது. கடற்கரை நகரமாகிய மசூலிப்பட்டினத்தில் அவர் ஒதுங்கி வாழ நேர்ந்தது.

ரசல் என்ன செய்தார்? 1808-ஆம் ஆண்டு சென்னையில் வேறொரு மங்கையை மணந்தார். மசூலிப்பட்டினத்தில் தமக்கெனக் காத்திருப்பவரைக் கைவிட்டார். பின்னர் 1811 முதல் 1820 வரை அவரே ஐதராபாத்து ரெசிடெண்டாய் அமர்ந்தார். பேகத்தோடு அவர் பெயரும் சேர்த்துப் பேசப்பட்டது மெய்யே. ஆயினும், அவரது ஏற்றத்துக்கு அது தடையாகவில்லை. பேகத்துக்கோ இருக்கும் இடமே இல்லாமற் போயிற்று. ஒரே செய்தி ஆடவருக்குச் சிறு மாசாகவும் பெண்ணுக்குப் பெருந்தீயாகவும் ஆகும் விந்தையை எண்ணிப் பார்மின்!

மீர் ஆலம் மறைந்த சில ஆண்டுகளுக்குப்பின் கயிருன்னிசா ஐதராபாத்து திரும்பினார். நோயுற்று மெலிந்த நிலையில், தமக்கெனக் கட்டப்பட்ட ரங் மகாலுக்கே வந்து சேர்ந்தார். 1813 செப்டம்பர் 22-ஆம் நாள் அவர் ஆவி பிரிந்தது. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். இரு பேரவைகளை அலைக்கழித்த வாழ்வு அத்துணைச் சிறியது.

மக்களின் கதை

இங்கிலாந்து சென்ற பிள்ளைகளுக்குப் பெயரும் மதமும் மாறின. சாகிப் ஆலம், வில்லியம் ஜார்ஜ் கிர்க்பாட்ரிக் ஆனார். சாகிப் பேகம், கேதரின் அரோரா ஆனார். ஐதராபாத்தோடு கடிதத் தொடர்பும் அறுக்கப்பட்டது. வில்லியம் கொதிநீரில் வீழ்ந்து ஒரு கையை இழந்தார். 1828-இல் இளமையிலேயே மறைந்தார். கிட்டி என்றழைக்கப்பட்ட மகள், அழகும் பண்பும் வாய்ந்த மங்கையாய் வளர்ந்தார். அறிஞர் தாமஸ் கார்லைல் இளமையில் அவரைக் கண்டு மனம் நெகிழ்ந்தார். அவருடைய புகழ்பெற்ற நூலொன்றில் வரும் புளூமினே என்னும் பாத்திரத்துக்குக் கிட்டியே மூலம் என்பர்.

பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் ரசலின் இல்லத்துக்குக் கிட்டி ஒருமுறை செல்ல நேர்ந்தது. அங்கே சுவரில் தொங்கியது சின்னரி தீட்டிய ஓவியம்! மூன்று வயதில் தாம் அணிந்திருந்த உடையையும் அண்ணன் முகத்தையும் கண்டு அவர் கண்ணீர் பெருக்கினார். அதன்பின், 1841-ஆம் ஆண்டளவில், ஐதராபாத்தில் பாட்டியார் ஷரபுன்னிசா இன்னும் உயிரோடிருப்பதை அறிந்து கடிதம் எழுதினார். பாட்டியார் பாரசீகத்தில் மறுமொழி விடுத்தார். மறைந்த மகளின் கூந்தலில் ஒரு கற்றையையும் அனுப்பினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பிரிவுக்குப்பின் அம்மகளின் கைக்குத் தாயிடமிருந்து வந்து சேர்ந்தது அவ்வொரு கற்றைக் கூந்தலே. ஷரபுன்னிசா 1847-இல் மறைந்தார்; கிட்டி 1889-இல் மறைந்தார். இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

நாம் கொள்ளத்தக்கது

2002-ஆம் ஆண்டில் வில்லியம் டால்ரிம்பிள் என்னும் வரலாற்றாசிரியர் இவ்வரலாற்றைப் பெருநூலாக எழுதினார். அதன்பின் உலகம் கயிருன்னிசாவை மீண்டும் அறிந்தது. அதற்கு முன்வரை, காதற்கதையில் ஒரு பெயராகவும், விசாரணைத் தாள்களில் ஒரு குற்றச்சாட்டாகவுமே அவர் இருந்தார். ரங் மகாலும் பிற்கால ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டுவிட்டது. ஒரு பெண்ணின் நினைவே சிலருக்குக் கூச்சமாய் இருந்தது போலும்.

அவர் குற்றமற்றவர் என்றோ, கற்பின் கொழுந்து என்றோ நிறுவுதல் எம் நோக்கமன்று. ஒரு பழி எழுந்தபோது அதன் சுமை எவர் தலையில் எவ்வளவு ஏறிற்று என்பதையே எண்ணிப் பார்க்கின்றோம். கிர்க்பாட்ரிக் பதவியோடு இறந்தார். மீர் ஆலம் முதன் மந்திரியானார். ரசல் ரெசிடெண்ட் ஆனார். வெல்லெஸ்லிக்குப் புகழ் குறையவில்லை. மக்களையும் ஊரையும் நற்பெயரையும் ஒருங்கே இழந்தவர், அவ்வரசியலில் ஒரு காய்கூட நகர்த்தாத பெண் ஒருவரே.

அரண்மனையில் எழுந்த அலருக்கும் நம் காலனிகளில் எழும் அலருக்கும் அளவில்தான் வேற்றுமை. அடுத்த வீட்டு மகளைப்பற்றியோ, அலுவலகத்திலிருந்து இரவில் திரும்பும் மருமகளைப்பற்றியோ மாடிப்படியில் ஒரு பேச்சு எழும்போது, அதற்குச் செவிகொடுக்கும் நாமும் ஒரு விசாரணைக் குழுவில் அமர்கின்றோம். அப்போது, அப்பெண்ணைக் கேட்டார் உண்டோ என்னும் வினாவை நம்முள் ஒருவரேனும் எழுப்புவாராயின், சென்னை விசாரணை செய்யத் தவறியதை நாம் செய்தவராவோம்.

கோட்டி மாளிகை 1949-ஆம் ஆண்டு முதல் மகளிர் கல்லூரிக்கு இடமாயிற்று. அக்கல்லூரி 2022-இல் மகளிர் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது. இப்போது தெலங்கானா உழவர் போராட்ட வீராங்கனை சாகலி ஐலம்மாவின் பெயரைத் தாங்குகிறது. மாளிகையும் அண்மை ஆண்டுகளில் செப்பனிடப்பட்டுப் பொலிவு பெற்றுள்ளது. மாதாப்பூரில் மெட்ரோ வண்டி ஏறி, அமீர்ப்பேட்டையில் மாறி, உஸ்மானியா மருத்துவக் கல்லூரி நிலையத்தில் இறங்கினால் அம்மாளிகை அருகிலேயே உளது. விடுமுறை நாளொன்றில் நம் பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்மக்களை, அங்கு அழைத்துச் செல்வோமாக. முகப்பைக் காண இயலாத பேகம் ஒருத்தி வாழ்ந்த இடத்தில், இன்று முன்வாயிலின் படிகளிலேயே மாணவியர் ஏறிச் செல்கின்றனர்.